முன்பல்லுக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டர்

1980-களின் நடுப்பகுதியில் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் ஒருவருக்கு மேல் முன்பல்லின் வேர் பிளந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் பல்லைப் பிடுங்குவார்கள். அதன் பிறகு மாதக்கணக்கில் எதுவும் நடக்காது. பல் இருந்த குழி எலும்பால் முழுக்கத் தூர வேண்டும். அதற்கு ஓராண்டு வரைகூடக் காத்திருக்கச் சொன்ன காலம் அது. பிறகு ஈறை அகலமாக அறுத்து மடலாகத் தூக்கி, எலும்பைத் துளைத்து, இம்ப்ளாண்ட் எனப்படும் டைட்டானியம் திருகை இறக்கி, ஈறை மேலே இழுத்து மூடித் தைப்பார்கள். மேல்தாடை என்றால் ஆறு மாதம் அந்தத் திருகு ஈறுக்குள்ளேயே மறைந்து கிடக்கும். பிறகு அதன் தலையை வெளியே கொண்டுவர இரண்டாவது அறுவை. அந்தப் புண்ணும் ஆறிய பிறகுதான் அளவெடுத்துப் பல் செய்வார்கள். அத்தனை காலமும் அவர் கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் செட்டோடுதான் சிரிக்க வேண்டும்.

இன்று தகுந்த வாய் அமைந்தவருக்குக் காலையில் பல்லை எடுத்து, அதே குழியில் இம்ப்ளாண்ட் இறக்கி, மாலையில் தற்காலிகப் பல்லோடு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒரு தையல்கூட வெளியே தெரியாது.

இந்த மாற்றத்தை வேகத்தின் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். விளம்பரங்களில் வருவதும் அதுதான். என் பார்வையில், இது முன்பல்லின் வேருக்கும் உதட்டுக்கும் நடுவே நிற்கும் ஒரு மெல்லிய எலும்புத் தகட்டைப் பல் மருத்துவம் புரிந்துகொண்ட கதை. அந்தத் தகட்டை அறியாமல் வேகத்தை மட்டும் கூட்டிய காலத்தில் பல பேருடைய சிரிப்பு கெட்டது. வேகம் பயன் தரத் தொடங்கியது தகட்டைப் படித்த பிறகுதான்.

காத்திருக்கச் சொன்னவர் சாதாரண ஆள் இல்லை. பெர்-இங்வார் பிரானெமார்க் என்னும் ஸ்வீடன் ஆய்வாளர், 1952-ல் லுண்ட் நகரில் முயலின் கால் எலும்புக்குள் டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தி ரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கருவியை எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு அதைப் பற்றிக்கொண்டிருந்தது. அங்கிருந்து பிறந்ததுதான் இன்றைய பல் இம்ப்ளாண்ட். 1965-ல் கோத்தன்பர்க்கில் முதல் மனிதருக்குப் பொருத்தினார். அந்த முதல் நோயாளி கோஸ்டா லார்சன், 2006-ல் இறக்கும்வரை அந்த இம்ப்ளாண்டுகளோடு வாழ்ந்தார்.

பிரானெமார்க்கின் பொறுமைக்கு வலுவான காரணம் இருந்தது. புதிதாக இறக்கிய திருகு ஆறும் காலத்தில் அசைந்துகொண்டே இருந்தால் அதைச் சுற்றி எலும்பு வளராது, நார்த்திசு வளரும். திருகு ஆடி விழும். எனவே சுமை கூடாது, வாயின் கிருமிகளும் படக் கூடாது, ஈறுக்கடியில் புதைத்து வை என்றார். அவருடைய குழு 15 ஆண்டுப் பதிவுகளை 1981-ல் வெளியிட்டது. 1982-ல் டொரோண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு வட அமெரிக்காவும் அதை ஏற்றது. அதுவரை இம்ப்ளாண்ட் என்றாலே சில ஆண்டில் பிடுங்கி எறிய வேண்டிய பொருள் என்று ஒதுங்கியிருந்த மருத்துவர்களை மாற்றியது அந்தப் பொறுமைதான்.

ஆனால் அவருடைய தொடக்க கால நோயாளிகளில் பெரும்பாலோர் பல் முழுக்கப் போனவர்கள். அவர்களுக்கு வேண்டியது மெல்லும் சக்தி. ஈறு ஒரு மில்லிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் உதடு மறைத்துவிடும். ஒற்றை முன்பல் போனவருக்கு அந்த மறைப்பு இல்லை. பக்கத்துப் பல் எப்போதும் அருகிலேயே நின்று ஒப்பிட்டுக் காட்டிக்கொண்டிருக்கும்.

ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் டூபிங்கன் நகரில் வில்ஃப்ரீட் ஷுல்ட்டே என்ற பேராசிரியர் நேர் எதிராக நினைத்தார். பல் போனதும் எலும்பு கரைகிறது. கரையவிட்டுப் பிறகு அதில் துளை போடுவானேன்? பல் எடுத்த கையோடு வேரின் வடிவத்திலேயே ஒன்றை உள்ளே வைத்தால் என்ன? 1970-களின் நடுவில் அவர் உருவாக்கியதற்குப் பெயரே டூபிங்கன் உடனடி இம்ப்ளாண்ட். படிப்படியாகக் குறுகும் வடிவம்; அலுமினியம் ஆக்சைடு பீங்கான். அந்தப் பீங்கானால் கடியின் அழுத்தத்தை எப்போதும் தாங்க முடியவில்லை. சில உடைந்தன. பின்னாளில் அந்த வடிவமே டைட்டானியத்துக்கு மாறியது. பொருள் தோற்றாலும் எண்ணம் தோற்கவில்லை. முன்பல்லுக்காகவே முதலில் சிந்தித்தவர்களில் ஷுல்ட்டேவுக்குரிய இடத்தை நாம் போதிய அளவு கொடுக்கவில்லை என்பது என் வருத்தம்.

1989-ல் அமெரிக்காவின் ரிச்சர்ட் லசாரா, பல் எடுத்த குழியிலேயே டைட்டானியம் இம்ப்ளாண்டை இறக்கி, மேலே சவ்வு போர்த்தி எலும்பை வளரவிடும் முறையை வெளியிட்டார். 1998-ல் பீட்டர் வோர்லே அடுத்த அடியை எடுத்துவைத்தார். தொடர்ச்சியாக வந்த 14 நோயாளிகளுக்கு முன்பல் பகுதியில் உடனடி இம்ப்ளாண்டோடு உடனடித் தற்காலிகப் பல்லும் வைத்துக் காட்டினார். இதற்கிடையே இம்ப்ளாண்டின் வழவழப்பான மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கும் நுட்பங்கள் வந்து, ஆறும் காலம் மாதங்களிலிருந்து வாரங்களுக்குச் சுருங்கியது. துறை முழுக்க ஒரு நம்பிக்கை பரவியது. குழிக்குள் இம்ப்ளாண்ட் போய்விட்டால், வேர் இன்னும் இருக்கிறதென்று எலும்பு நினைத்துக்கொண்டு அப்படியே நிற்கும்.

எலும்பு அப்படி நினைக்கவில்லை.

இம்ப்ளாண்ட் பிழைத்தது. உறுதியாகவே நின்றது. ஆனால் ஆண்டு ஒன்று, இரண்டு போனதும் பல்லுக்கு மேலே ஈறு ஏறத் தொடங்கியது. அசல் பல்லைவிடப் புதுப்பல் நீளமாகத் தெரிந்தது. மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு உள்ளிருக்கும் உலோகத்தின் சாம்பல் நிறம் ஈறு வழியே தெரிந்தது. மருத்துவ ஏட்டில் வெற்றி என்று பதிவான பல்லை, கண்ணாடி முன் நிற்கும் ஒரு பெண் கையால் மறைத்துக்கொண்டு சிரித்தால் அது எப்படி வெற்றியாகும்? அப்போதைய அளவுகோல்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இம்ப்ளாண்ட் ஆடுகிறதா இல்லையா என்பதையே முதன்மையாகப் பார்த்தன.

விடை வந்தது பிரானெமார்க்கின் அதே கோத்தன்பர்க் நகரோடு தொடர்புடைய ஆய்விலிருந்து. அந்நகரப் பேராசிரியர் யான் லிண்டேயும் பிரேசிலின் மவுரிசியோ அராவ்ஜோவும் 2005-ல் நாய்களில் செய்த ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். பல் எடுத்த குழியில் உடனே இம்ப்ளாண்ட் வைத்தாலும் வைக்காவிட்டாலும் உதட்டுப் பக்க எலும்பு கரைந்தது. இம்ப்ளாண்ட் அந்தக் கரைவைத் தடுக்கவில்லை. காரணம் எளியது. வேரைப் பிடித்திருக்கும் நார்கள் வந்து பதியும் உள்வரி எலும்பு பல்லுக்காகவே உருவானது. கல்யாணம் முடிந்ததும் பந்தலைப் பிரிப்பது போல, பல் போனதும் உடல் அந்த எலும்பைப் பிரித்துவிடுகிறது. தடித்த தாடையில் அது போனாலும் பின்னால் வேறு எலும்பு இருக்கும். மேல் முன்பல்லின் உதட்டுப் பக்கத்தில் பெரும்பாலும் அந்த உள்வரியைத் தவிர வேறெதுவும் இல்லை.

அது எவ்வளவு மெல்லியது என்பதை அடுத்தடுத்து வந்த அளவீடுகள் காட்டின. 2010-ல் வெளியான ஐரோப்பிய ஆய்வு ஒன்றில், முன்பல் குழிகளில் 87 சதவீதத்தில் உதட்டுப் பக்கச் சுவர் 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோதான். அமெரிக்காவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் ஜோசப் கேன் குழுவினர் 2011-ல் மேல் முன்பற்களை ஸ்கேன் செய்து பார்த்தபோது, 81 சதவீதப் பற்களின் வேர் உதட்டுப் பக்க எலும்பை ஒட்டியே நின்றது. 2013-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் குழு வெளியிட்டதுதான் என்னை மிகவும் உலுக்கியது. இம்ப்ளாண்ட் எதுவும் வைக்காமல் பல்லை மட்டும் எடுத்து எட்டே வாரம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். தகடு 1 மில்லிமீட்டருக்கு மேல் தடித்திருந்தவர்களுக்கு உயரத்தில் இழப்பு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மெல்லியதாக இருந்தவர்களுக்கு நடுமதிப்பாக 7.5 மில்லிமீட்டர்.

மெல்போர்னைச் சேர்ந்த கிறிஸ்டோபர் எவன்ஸ், ஸ்டீபன் சென் இருவரும் 2008-ல் இன்னொரு பக்கத்தைக் காட்டினார்கள். குழிக்குள் உதட்டுப் பக்கமாகச் சாய்ந்து நின்ற இம்ப்ளாண்டுகளில் ஈறு சராசரி 1.8 மில்லிமீட்டர் ஏறியிருந்தது. அண்ணப் பக்கமாக உள்வாங்கி நின்றவற்றில் 0.6 மில்லிமீட்டர்தான். எங்கே வைக்கிறோம் என்பதில் மூன்று மடங்கு வித்தியாசம்.

அறுவை முறை முழுக்க மாறியது இதற்குப் பிறகுதான். பல் எடுப்பதிலிருந்தே அந்த மாற்றம் தொடங்குகிறது. முன்பெல்லாம் குறடால் பல்லைப் பிடித்து உதட்டுப் பக்கமும் உள்பக்கமும் ஆட்டி, குழியை அகலப்படுத்தி வெளியே இழுப்பார்கள். அந்த ஆட்டத்திலேயே மெல்லிய தகடு விரிசல் விட்டுவிடும். இப்போது பெரியோடோம் என்ற மெல்லிய அலகை வேருக்கும் எலும்புக்கும் நடுவே செருகி, நார்களை மட்டும் சுற்றிலும் அறுக்கிறார்கள். வராவிட்டால் வேரைத் துண்டாக வெட்டி உள்நோக்கி மடக்கி எடுக்கிறார்கள். நேர் மேலிருந்து இழுக்கும் கருவிகளும் உண்டு. அரை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும் என்று பொறுமையாகப் பல் எடுக்கும் மருத்துவரைப் பார்த்தால் நம்பலாம்.

அடுத்தது ஈறை அறுப்பதா வேண்டாமா என்ற கேள்வி. உதட்டுப் பக்கத் தகட்டுக்கு ரத்தம் மூன்று வழியாக வரும்: வேரைச் சுற்றிய நார்த்திசு, எலும்பின் உள்ளே உள்ள மஜ்ஜை, எலும்பை வெளியே போர்த்தியிருக்கும் உறை. பல்லை எடுத்ததும் முதல் வழி அடைபடுகிறது. தகடு மிக மெல்லியது என்பதால் மஜ்ஜை ஏறக்குறைய இல்லை. இரண்டாவது வழியும் கிடையாது. மிஞ்சியிருப்பது வெளியுறை மட்டும். பழைய முறைப்படி ஈறை மடலாகத் தூக்கினால் அந்த உறையும் எலும்பைவிட்டுப் பிரிகிறது. தகட்டுக்குச் சோறு போடும் கடைசிக் கையையும் விலக்கிவிடுகிறோம். அதனால்தான் குழிச்சுவர்கள் முழுதாக இருக்கும்போது இன்று ஈறைக் கிழிக்காமல், குழியின் வாய் வழியாகவே எல்லாவற்றையும் செய்கிறார்கள். பார்வைக்கு எளிது போலத் தோன்றும் இதற்குத்தான் கைத்திறன் அதிகம் வேண்டும். மருத்துவர் எலும்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. விரல் நுனியாலும் ஸ்கேன் படத்தின் நினைவாலும் உணர்கிறார்.

துளை போடும் இடமும் மாறிவிட்டது. குழி காட்டும் வழியிலேயே துரப்பணத்தை விட்டால் அது உதட்டுப் பக்கமாக வழுக்கிப் போகும். எனவே அண்ணப் பக்கச் சுவரில் தனியாக ஒரு துளை தொடங்கி, வேரின் நுனிக்கு அப்பால் உள்ள எலும்பில் 3, 4 மில்லிமீட்டர் ஆழம் பிடிக்கவைக்கிறார்கள். இம்ப்ளாண்டின் அளவும் சுருங்கிவிட்டது. குழி முழுவதையும் அடைக்கும் அகல இம்ப்ளாண்ட் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். அதுதான் தகட்டை நெருக்கிக் கெடுத்தது. இப்போது ஒல்லியான இம்ப்ளாண்டை வைத்து, அதற்கும் உதட்டுப் பக்கத் தகட்டுக்கும் இடையே 2 மில்லிமீட்டருக்குக் குறையாமல் வெற்றிடம் விடுகிறார்கள். அந்த இடத்தில் எலும்புத் துகள் நிரப்புகிறார்கள். தகடு கரைந்தாலும் இந்தத் துகள்கள் மெதுவாகவே கரையும். அவற்றைப் பற்றிக்கொண்டு புது எலும்பு உருவாகும்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். உலகில் மிகுதியாகப் பயன்படும் எலும்புத் துகள் மாட்டெலும்பிலிருந்து சுத்திகரித்து எடுப்பது. மனித எலும்பிலிருந்து வருவதும், முழுக்கச் செயற்கையாகச் செய்வதும் உண்டு. நம் ஊரில் இதைப் பலரும் அறிய விரும்புவார்கள். சிலர் மறுக்கவும் கூடும். வாயில் வைத்த பிறகு தெரியவந்தால் அது நம்பிக்கை மோசம். கேட்காமலே மருத்துவர் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கேளுங்கள்.

எலும்பைத் தடிக்கச் செய்ய முடியாத இடத்தில் ஈறைத் தடிக்கச் செய்கிறார்கள். மேலண்ணத்திலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து, உதட்டுப் பக்க ஈறுக்கு உள்ளே பை போல வெட்டிய இடத்தில் செருகித் தைப்பது. மெல்லிய ஈறு உள்ளவர்களுக்கு இதுவே பெரிய காப்பு. சாம்பல் நிறமும் மறைகிறது. அண்ணத்தில் சில நாள் எரிச்சல் இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

கடைசியில் தற்காலிகப் பல். இம்ப்ளாண்ட் இறுகும்போது முறுக்கு விசை 35 நியூட்டன் சென்டிமீட்டர் அளவுக்கு வந்தால்தான் பொதுவாக அன்றே பல் வைக்கிறார்கள். வராவிட்டால் குழியின் வாயை அடைக்கும் மூடி மட்டும் வைத்துவிட்டு, பழையபடி கழற்றும் பல்லைக் கொடுக்கிறார்கள். வைத்தாலும் அந்தப் பல் எதிர்ப்பல்லைத் தொடவே கூடாது. அது கடிப்பதற்கான பல் இல்லை. ஈறின் வடிவத்தை ஏந்தி நிற்பதற்கு வைத்தது. அன்றே பல் வந்துவிட்டதே என்று கரும்பைக் கடிப்பவர்கள் பிரானெமார்க் அஞ்சிய அதே அசைவை இம்ப்ளாண்டுக்குக் கொடுக்கிறார்கள். உடனடி என்ற சொல்லால் அவருடைய விதி காலாவதியாகவில்லை.

இத்தனைக்கும் அடிப்படையாக இருப்பது ஸ்கேன். பழைய எக்ஸ்ரேயில் வேரும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள எலும்பும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். உதட்டுப் பக்கத் தகட்டின் தடிமன் தெரியவே தெரியாது. 1990-களின் கடைசியில் இத்தாலியின் வெரோனாவில் உருவான கோன் பீம் ஸ்கேன் கருவி வந்த பிறகுதான், பல்லைத் தொடும் முன்பே அந்த ஒரு மில்லிமீட்டரைக் குறுக்குவெட்டாகப் பார்க்க முடிந்தது. அச்சிட்ட வழிகாட்டித் தகடுகள், நேரலையாகத் துரப்பணத்தின் இடத்தைத் திரையில் காட்டும் கருவிகள், ரோபோ கைகள் எல்லாம் இன்று வந்துவிட்டன. அவை உதவும். ஆனால் ஸ்கேனைப் படித்து, இந்த வாய்க்கு உடனடி முறை வேண்டாம் என்று சொல்லும் முடிவை அவை எடுப்பதில்லை.

அந்த முடிவில்தான் இன்றும் இரு பள்ளிகள் இருக்கின்றன. பெர்னில் டேனியல் பூசரின் வழியில் வந்தவர்கள் கண்டிப்பானவர்கள். தகடு சேதமின்றி 1 மில்லிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும், ஈறு தடிமனாக இருக்க வேண்டும், சீழ் இருக்கக் கூடாது, நுனியிலும் அண்ணப் பக்கத்திலும் பிடிப்புக்கு எலும்பு வேண்டும். இல்லாவிட்டால் பல் எடுத்து 4 முதல் 8 வாரம் ஈறு ஆறட்டும், பிறகு திறந்து எலும்பு நிரப்பி வைப்போம் என்பார்கள். டென்னிஸ் டார்னோ, ஸ்டீபன் சூ போன்ற நியூயார்க் மருத்துவர்கள் உடனடி முறையில் துணிவு மிக்கவர்கள். இடைவெளியைச் சரியாக நிரப்பி, தற்காலிகப் பல்லால் மூடினால் மெல்லிய தகட்டிலும் நல்ல பலன் கிடைக்கும் என்று காட்டியிருக்கிறார்கள். 2010-ல் மியூனிக்கின் மார்கஸ் ஹுர்ட்ஸெலர் குழு மூன்றாவது வழி ஒன்றைத் தந்தது. வேரை முழுக்க எடுக்காமல் உதட்டுப் பக்கச் சீவலை மட்டும் அப்படியே விட்டு, அதன் பின்னால் இம்ப்ளாண்ட் வைப்பது. நார்கள் உயிரோடிருப்பதால் தகடும் பிழைக்கிறது. சிந்தனை அழகானது. ஆனால் வேர்ச்சீவல் தளர்ந்தால் அதுவே தொல்லை. மிகப் பழகிய கைகளுக்கு மட்டும் உரிய முறை இது என்பது என் கருத்து.

என்னைக் கேட்டால், சந்தேகம் வரும் வாயில் பெர்ன் வழிதான் நல்லது. இரண்டு மாதம் கழற்றும் பல்லோடு இருப்பது சிரமம். அதற்காக அடுத்த இருபது ஆண்டுக்கு ஏறிப்போன ஈறோடு இருப்பதா? ஏறிய ஈறைக் கீழே கொண்டுவரும் அறுவைகள் உண்டு. அசலைப் போல ஆவது அரிது. வைத்த இம்ப்ளாண்டையே எடுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கும் நிலையும் வருகிறது. புகை பிடிப்பவர்களுக்கும் கட்டுக்கடங்காத சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். வளரும் பிள்ளைகளுக்கு எந்த முறையிலும் இம்ப்ளாண்ட் கூடாது. தாடையும் பக்கத்துப் பற்களும் வளர்ந்து இறங்கும். இம்ப்ளாண்ட் வைத்த இடத்திலேயே மேலே நின்றுவிடும்.

நம் ஊரில் இரு சக்கர வண்டி விபத்தில் முன்பல் உடைந்து வருபவர்கள் ஏராளம். பழைய ரூட் கேனால் செய்த பல் ஒரு நாள் பிளந்து வருபவர்களும் உண்டு. வலி தாங்காமல் பக்கத்து மருத்துவமனையில் பல்லை முதலில் பிடுங்கிவிட்டு, இம்ப்ளாண்டைப் பிறகு நிதானமாக யோசிக்கலாம் என்று போய்விடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து வரும்போது எலும்பு போயிருக்கும். எனவே முன்பல் பிழைக்காது என்று மருத்துவர் சொன்னால், வலிக்கும் சீழுக்கும் முதலுதவி பெற்றுக்கொண்டு, எடுப்பதற்கு முன்பே ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். உதட்டுப் பக்க எலும்பு எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். இம்ப்ளாண்டை அன்றே வைப்பதா, எட்டு வாரம் கழித்து வைப்பதா என்பது முடிவான பிறகு பல்லை எடுக்க ஒப்புக்கொள்ளுங்கள்.